எலும்பு என்னுடையது கண்ணு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் ஏற்றுகிற வண்டி வரும் என்று நேற்று போனில் சொன்னாய். நான் "அச்சா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வாட்ஸ்ஆப்பில் வாய்ஸ் அனுப்பலாம் என்று பார்த்தேன். நீ அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அம்மா கிளி மாதிரிக் கத்துவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாய். காகிதத்தை அப்படி ஓடவிட முடியாதல்லவா, அதனால் பேனாவை எடுத்தேன். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க உனக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. முடியாவிட்டால் நித்யாவை உரக்கப் படிக்கச் சொல். கோயமுத்தூர்ப் பெண்ணைக் கட்டியதில் உனக்கு இப்படியும் ஒரு சௌகரியம். தாராபுரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நிறுத்தினவள் நான். பிழை இருந்தால் அவள் திருத்திப் படிக்கட்டும். விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உன் குர்காவ் வீட்டுக்குக் குடிவர மாட்டேன். இந்த ஜனக்புரி வீட்டை வாடகைக்கு விடவும் மாட்டேன். முருகன் சாட்சி.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஜனவரியில் கை உடைந்தபோது "பாத்ரூம்ல வழுக்கிட்டுது கண்ணு" என்றேனே, அது பொய். காரை புக் பண்ணித்தான் போகணும், இ-ரிக்‌ஷாவில் ஏறக் கூடாது என்று நீ ஆயிரம் தடவை சொல்லியிருந்தாய். நான் சந்தையில் முள்ளங்கியும் பட்டாணியும் வாங்கிக்கொண்டு இ-ரிக்‌ஷாவில்தான் வந்தேன். நம் பிளாக் முனையில் வண்டி முழுசாக நிற்பதற்குள் ஒரு காலைக் கீழே வைத்தேன். குதிக்கவில்லை, ஓடவில்லை. மெல்லச் சாய்ந்தபோது இடது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். அப்பளத்தை நொறுக்கின மாதிரி ஒரு சத்தம். வண்டிக்காரர் என்னைவிடப் பயந்துவிட்டார். "மாதாஜி, நான் ஒண்ணும் செய்யலை மாதாஜி" என்று ஹிந்தியில் புலம்புகிறார். நான் வலியில் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பட்டாணி உருண்டு ஓடுகிறதே, பொறுக்குங்கள் பையா என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

மாவுக்கட்டு போட்டது உனக்குத் தெரியும். கட்டுப் போட்ட டாக்டர் அம்மா அன்றைக்கு உன்னை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார், அது தெரியாது. "ஆன்ட்டி, இவ்வளவு சின்னதா விழுந்ததுக்கு எலும்பு உடையக் கூடாதே" என்றார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், என்னைப் போய் ஆன்ட்டி என்கிறார். "உங்க உயரம் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். "ஒசரம் கொறையறதுக்கு நான் என்ன மெழுகுவத்திங்களா?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவர் ஓரமாக நிறுத்தி அளந்தார். என் பழைய மருத்துவச் சீட்டில் இருந்த உயரத்துக்கும் இப்போதைக்கும் இரண்டு விரல்கடை வித்தியாசம். அப்போதுதான் எனக்கு நம் மார்க்கெட் தையல்காரர் முகம் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷமாக அவரோடு நான் போட்ட சண்டை கொஞ்சமா? "என்ன பையா, பாவாடையை இவ்வளவு நீளமாத் தைச்சிருக்கீங்க, நடந்தா தடுக்குது" என்று மூன்று தடவை திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவரும் பாவம், "அளவு அதேதான் பஹன்ஜி" என்று டேப்பை நீட்டி நீட்டிக் காட்டுவார். புடவையையும் தூக்கித் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தேன். துணி நீளவில்லை கண்ணு, உன் அம்மா குட்டையாகியிருக்கிறாள். முதுகெலும்பில் ஒரு துண்டு தானாகவே நசுங்கியிருக்கிறது, எக்ஸ்ரேயில் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பத்து நாள் முதுகு வலித்ததே, "வாயு" என்று பூண்டை வாட்டித் தின்றேனே, அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

பிறகு எலும்பின் கெட்டியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன். பேரைக் கேட்டு நடுங்கினேன், ஒன்றும் இல்லை. ஒரு பெஞ்சில் படுக்கவைத்து, மேலே ஒரு கை மாதிரி எதையோ நகர்த்தினார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. சீட்டில் மைனஸ் மூன்று என்று வந்தது, எலும்பு அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். அந்தச் சீட்டை மட்டும்தான் நீ பார்த்தாய். "எலும்பு செங்கல் மாதிரி ஒரு தடவை வெச்சா அப்படியே இருக்கிறது இல்லை, ஆன்ட்டி" என்று டாக்டர் அம்மா சொன்னதை நான் நம் ஊர் வழக்கத்தில் புரிந்துகொண்டேன். டெல்லியில் ரோட்டைத் தோண்டுகிற கும்பல் வேறு, மூடுகிற கும்பல் வேறு இல்லையா? எலும்புக்குள்ளேயும் அப்படித்தானாம். பழசைத் தோண்டி எடுக்க ஒரு கூட்டம், புதுசு போட்டு மூட ஒரு கூட்டம். சின்ன வயதில் மூடுகிறவர்கள் சுறுசுறுப்பு. பெண்களுக்குத் தீட்டு நின்ற பிறகு தோண்டுகிறவர்கள் வேகமெடுக்கிறார்கள், மூடுகிறவர்கள் ஆடி அசைந்து வருகிறார்கள். வெளியே ரோடு மாதிரியே தெரியும். ஒரு வண்டி ஏறினால்தான் உள்ளே பொள்ளல் என்று தெரியும். வலியே இருக்காது கண்ணு, அதுதான் இதன் கள்ளத்தனம்.

"உங்களுக்கு எப்ப நின்னுது?" என்று கேட்டார். எனக்கு எங்கே நின்றது, நிறுத்தினார்கள். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் கட்டி என்று கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு. அதற்கப்புறம் எலும்பைப் பார்த்துக்கொள்ளணும் என்று ஒருவேளை சொல்லியிருப்பார்கள், நான் காதில் வாங்கவில்லை. அப்பாவிடம்கூட அதைப் பற்றிப் பேச வெட்கம். டிசம்பர் குளிரில் வேர்த்துக் கொட்டும், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு பால்கனியில் போய் நிற்பேன். "ஏன்டி, உனக்குப் பைத்தியமா?" என்பார் அப்பா. ஆமாங்க என்று சொல்லி உள்ளே வருவேன். வெயில் எப்படி என்று டாக்டர் கேட்டார். வெயிலா? கோடையில் திரையை இழுத்துவிட்டு உட்காருவேன், குளிரில் தலைமுதல் கால்வரை சால்வை. மீதி நாளில் டெல்லிப் புகை வெயிலை மறைத்துவிடும். வைட்டமின் டி பார்த்தார்கள், அடிமட்டத்தில் இருந்தது. "பால், தயிர் எல்லாம் எடுத்துக்கறீங்களா?" என்று கடைசியாகக் கேட்டார். அங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தயிர் பிடிக்காது என்றுதான் நீ நினைத்திருக்கிறாய். கல்யாணமாகி வந்த அன்று நித்யா எனக்குத் தயிர் போட வந்தபோது, நீதான் "அம்மா தயிர் தொடமாட்டா, ஸ்மெல்லே ஆகாது" என்று சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். கண்ணு, எனக்குத் தயிர் என்றால் உயிர். எருமைத் தயிரை வெறும் கையால் வழித்துத் தின்று வளர்ந்தவள் நான். பன்னிரண்டாவது படிக்கும்போது உனக்கு டெங்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. அப்பா ரத்தத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன், இவன் எழுந்தால் காசிக்கு வருகிறேன் என்று. நீ எழுந்தாய். நாங்கள் காசிக்குப் போனோம். அங்கே போனால் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வரணும், அது வழக்கம். கூட வந்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள். ஒருத்தி பாகற்காயை விட்டாள். இன்னொருத்தர் சிகரெட்டை விட்டுவிட்டு பீடிக்கு மாறினார். அப்பா ரொம்ப யோசித்து டிண்டா என்கிற வடக்கத்திக் காயை விட்டார், அதை அவர் என்றைக்குச் சாப்பிட்டார்? நான்தான் ரோஷக்காரி. பிள்ளை உயிருக்குப் பாகற்காயா பதில் என்று, பால், தயிர், மோர் மூன்றையும் கங்கையில் விட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பலன் போய்விடும் என்று நினைத்தேன். பதினாறு வருஷம். காபியைக்கூட வரக்காபியாக மாற்றிக்கொண்டேன். விட்டதற்குப் பதிலாக வேறு எதையாவது தட்டில் வைத்தேனா என்றால், இல்லை. அதற்கு மேல் செவ்வாய் விரதம், சஷ்டி விரதம், கிருத்திகை விரதம். எடுக்கிறவளும் நான், கொடுக்காதவளும் நான்.

இதை நான் கழிவிரக்கத்தோடு எழுதவில்லை, தெரிந்துகொள். பக்தியில் தப்பு இல்லை. அதற்கு என்ன விலை என்று விசாரிக்காமல் கொடுத்தேனே, அது தப்பு. அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிற தைரியம் எனக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு நீ கொடுக்கிற தண்டனையை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

தண்டனை என்றுதான் சொல்வேன். கட்டுப் போட்ட ஆறு வாரம் உன் வீட்டில் இருந்தேனே. பதினாலாவது மாடி, லிஃப்ட், வழவழவென்று தரை. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் வேலைக்காரப் பெண் என்னைக் காவல் காப்பாள். நான் தண்ணீருக்கு எழுந்தால் ஓடி வருவாள். "பையா சொல்லியிருக்காரு, நீங்க உக்காருங்க." சாமி விளக்கை நான் ஏற்றலாமா என்றால், "பையாகிட்ட கேட்டுச் சொல்றேன்." என் முருகனுக்கு விளக்கு ஏற்ற என் பிள்ளையிடம் போனில் அனுமதி! ஒரு நாள் சாயங்காலம் நான் காய் நறுக்க உட்கார்ந்ததற்கு நீ என்ன ஆட்டம் ஆடினாய்?

"அம்மா, ஒண்ணுமே செய்யாதம்மா, ப்ளீஸ். உன் எலும்பு சாக்பீஸ் மாதிரி இருக்கு, தெரியுமா உனக்கு?"

"கத்தரிக்காய் நறுக்கினா எலும்பு ஒடையுமா கண்ணு?"

"வேண்டாம்னா வேண்டாம். நீ விழுந்தா நான் ஆபீஸ்ல இருப்பேன். அப்பாவுக்கும் நான் ஆபீஸ்லதான் இருந்தேன்."

அதைச் சொல்லிவிட்டு நீ பால்கனிப் பக்கம் போய்விட்டாய். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலு வருஷமாக அதை நீ மென்றுகொண்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் நான் கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன். உனக்காக உட்கார்ந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து என்ன ஆனது தெரியுமா? கட்டைப் பிரிக்கிற வாரம், அந்தத் தாழ்ந்த சோபாவிலிருந்து கை ஊன்றாமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கிய என் தொடை உன் வீட்டு மெத்தையில் கரைந்துபோயிருந்தது. எழுந்து நின்றதும் தள்ளாடி நித்யாவின் தோளைப் பிடித்தேன். அவளுக்கு மட்டும் தெரியும். "அத்தை, வீட்டுக்கு வந்தப்ப நீங்க இப்படி இல்லையே" என்றாள். நல்ல பெண். அவளைக் கோபிக்காதே, நான்தான் சொல்லாதே என்றேன்.

கட்டுப் பிரித்த அன்று கைக்குப் பயிற்சி சொல்லித்தர வந்த ரீனா என்கிற பெண்ணிடம் கேட்டேன், "ஏம்மா, எலும்பு தேஞ்சவங்க அசையாம உக்காந்துக்கணுமா?" அவள் சிரித்தாள். "உக்காந்தே இருந்தா எலும்பு என்ன நினைக்கும் ஆன்ட்டி? நமக்கு வேலை இல்லைன்னு இன்னும் கரையும். பாரம் தாங்கினாதான் அது கெட்டியாகும்." அடுத்த நாளே பையைத் தூக்கிக்கொண்டு ஜனக்புரிக்கு வந்தேன், நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்டுக்கொள். குக்கர் வைத்துவிட்டு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன், மூன்று விசில் வரைக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருகிறேன். சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நிற்கிறேன், அது மட்டும் எப்போதும் சுவர் கைக்கெட்டுகிற இடத்தில்தான். முதல் நாள் நாலு எண்ணுவதற்குள் ஆடினேன், இப்போது முப்பது எண்ணுகிறேன். பகலில் மொட்டை மாடிக்குப் போய் கையைத் திறந்துவைத்து வெயிலில் உட்காருகிறேன். எதிர் வீட்டுப் பம்மி முதலில் கேலி செய்தாள், "என்ன பஹன்ஜி, ஒற்றைக் காலில் தவமா? வரம் கிடைத்தால் எனக்கும் பாதி" என்று. போன வாரம் அவளும் ஸ்கேன் எடுத்தாள். இப்போது இரண்டு பேருமாக நிற்கிறோம். அவள் அரட்டையில் எண்ணிக்கையை விட்டுவிடுகிறாள்.

மருந்தையும் விடவில்லை. வாரத்துக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் படுக்காமல், வேறு எதுவும் வாயில் போடாமல் நிமிர்ந்து இருக்கணும். நான் அதைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொண்டேன். அந்த அரை மணி முருகனுக்கு. கால்சியம் மாத்திரை வேறு வேளையில். ராகி, எள், கீரை தினமும் ஏதாவது ஒன்று. பட்டினி விரதம் எல்லாம் முடிந்தது. டாக்டர் அம்மா முறைத்த முறைப்பில் சஷ்டியே கலங்கிப்போயிருக்கும்.

தயிர் விஷயத்துக்கு வருகிறேன். பால் தயிர் இல்லாமலும் சமாளிக்கலாம், சத்து வேறு வழியிலும் கிடைக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். கோயில் குருக்களிடமும் கேட்டேன். "காசியில விட்டது விட்டதுதாம்மா, யோசிச்சுக்கோங்க" என்று இழுத்தார். யோசித்தேன். ஒரு மாதம் யோசித்தேன். எனக்கு இருந்த பயம் என் எலும்பைப் பற்றி இல்லை. நான் வாய் வைத்தால் அங்கே உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. பதினாறு வருஷமாக ஒரு கரண்டித் தயிரால் உன் உயிரைக் கட்டிவைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சன்னிதியில் நின்று முருகனிடம் நேராகவே கேட்டேன். "ஏஞ்சாமி, எம்பிள்ளை எந்திரிச்சது உன் கருணையிலயா, நான் விட்ட தயிருலயா? தயிருலன்னா நீ எதுக்கு?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சாதத்தில் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். அன்றைக்கு மத்தியானம்தான் உனக்கு நாலு தடவை போன் செய்தேன். "சாப்பிட்டியா கண்ணு? காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?" நாலாவது தடவை நீ எரிந்து விழுந்தாய், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், எனக்கு ஒண்ணும் இல்லை, வை!" அந்த "வை" மாதிரி ஒரு அருள்வாக்கை நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. இரண்டாவது தடவையும் தயிர் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பயத்தை நான் விட்டுவிட்டேன். நீயும் உன்னுடையதை விடணும் கண்ணு. என்னை உட்காரவைத்தால் நான் விழமாட்டேன் என்று நீ நம்புகிறாய், நான் தயிரை நம்பின மாதிரி. இனி விழவே மாட்டேன் என்று உனக்கு நான் சத்தியம் செய்து கொடுக்க மாட்டேன். விழலாம், இடுப்பே உடையலாம். அது நடக்காமலிருக்க என்னால் ஆனதைச் செய்கிறேன். நான் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசவில்லை. அங்கப்பிரதட்சிணம் இனி கிடையாது. குனிந்து பெரிய கோலம் போடுவதில்லை, தண்ணீர் வாளி தூக்குவதில்லை, ஸ்டூல் மேல் ஏறி சாமி படம் துடைப்பதில்லை. முதுகை வளைத்துத் தூக்குகிற வேலைதான் ஆகாது என்றாள் ரீனா. சன்னிதியில் விழுந்து கும்பிடாமல் நின்றே கும்பிடுகிறேன், முருகனுக்கு அதில் குறை இல்லை. பாத்ரூமில் பிடிமானக் கம்பி வைத்தாயிற்று. மாடிப்படியில் மூன்று பல்பு மாற்றியாயிற்று. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு. வண்டி நின்ற பிறகு இறங்குகிறேன், இ-ரிக்‌ஷா என்றாலும் சரி. போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். காலையில் ஏழு மணிக்கு நானே உனக்கு ஒரு போன் செய்கிறேன். அதுவரைக்கும்தான் உன் காவல். அதற்கு மேல் என் நாள், என் படி, என் எலும்பு.

நித்யாவுக்கும் ஒரு வார்த்தை, நீதானே படிக்கிறாய் அம்மா? உடம்பு இளைக்கணும் என்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெறும் சூப் குடிக்கிறாய். வேண்டாம். இந்த வயதில் போட்டுவைக்கிறதுதான் என் வயதில் நிற்கும். பெண்கள் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் வீடு நன்றாக இருக்கும் என்று யாராவது உனக்குச் சொன்னால், என்னிடம் அனுப்பு. உன் வீட்டுக்காரனும் காலையில் லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, ஆபீஸ் லிஃப்டில் ஏறி, இருட்டின பிறகு அதே மாதிரி திரும்பி வருகிறான். வெயில் என்பதை அவன் போனில்தான் பார்க்கிறான். ஆம்பிளைக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதே, டாக்டர் அம்மாவிடம் அதையும் கேட்டுத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி வந்தால், டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்து, வந்த கூலியையும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்கு முன்னால் நீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மரியாதை. நீயும் நித்யாவும் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாருங்கள். கீழேயிருந்து போன் செய்து, "அம்மா, நீ இறங்கி வா, வெளியில சாப்பிடலாம்" என்று சாக்குச் சொல்லாதே. மூன்று மாடியும் ஏறி வா. போன தடவை இரண்டாம் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன் பார்க்கிற மாதிரி நடித்தாய், மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவையும் மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் அங்கேயே நில். நான் இறங்கி வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன்.

அம்மா